நாற்பத்திரண்டும் பதினேழும்

மார்ச் 3

அண்ணிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீங்களும் அண்ணனும் சின்னவளும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை.

இந்தப் பெட்டியில் முப்பது ஸ்லைடுகள் உள்ளன. தேர்வுக் குழுவின் விதி உங்களுக்கும் வந்திருக்கும். திசுவைப் புதைத்த ஒரே முப்பது மெழுகுக் கட்டிகளிலிருந்து சீவிய துண்டுகளை இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார்கள். நான் என் ஆன்டிபாடியால் நிறமேற்றி உங்களுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் உங்களுடையதால் ஏற்றி எனக்கு அனுப்ப வேண்டும், பிறகு ஒருவருக்கொருவர் மார்க் போட வேண்டும். இந்த விதியை எழுதிய புத்திசாலிக்கு நாத்தனார் கிடையாது என்பது மட்டும் நிச்சயம்.

நீங்கள் போட்டியில் இருப்பதே எனக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும். அம்மாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்க ஃபோன் செய்தவன் பேச்சோடு பேச்சாக, "அவளும் அந்தப் பதினேழைத் தூசி தட்டி எடுத்துக் குடுத்திருக்கா, தெரியும்ல?" என்றான். தெரியும் என்று சொல்லிவிட்டு மாத்திரையின் பெயரைத் தப்பாகச் சொன்னேன்.

அம்மா, "அப்படி என்னடி போட்டி?" என்று கேட்டாள். உடம்பில் நோயோடு சண்டை போடும் செல்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து 'போதும், உட்காரு' என்று அடக்குகிற செல்லும் ஒன்று இருக்கிறது, புற்றுக்கட்டிக்குள் அந்த அடக்கும் செல்கள் எத்தனை என்று எண்ணிச் சொன்னால் டாக்டர் மருந்தை முடிவு செய்வார், அவற்றை மட்டும் பழுப்பாக்கிக் காட்டும் ஆன்டிபாடியை நாங்கள் தட்டில் வளர்க்கும் எலிச் செல் சுரக்கிறது, என் செல்லுக்கு நம்பர் நாற்பத்திரண்டு, உங்களுடையதற்குப் பதினேழு, ஒன்றைக் குழு பொறுக்கி எடுக்கும், அது எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம வீட்ல அந்த அடக்குற செல்லு உங்க அண்ணன்தான்" என்றாள்.

நீங்கள் இங்கிருந்து போய் மூன்று வருஷம் ஆகிறது. பதினேழை இயக்குநரிடம் அனுமதி வாங்கித்தான் எடுத்துப் போனீர்கள், அதில் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வருஷமும் என் நாற்பத்திரண்டை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். மெழுகில் வைத்த திசுவில் அது ஏறவே ஏறாது என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, நான்கு மாதம் ஸ்லைடுகளை விதவிதமாக வேகவைத்து ஏற வைத்தவள் நான். இது எனக்கு வேண்டும் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

மார்க்கைக் குறைத்துப் போட்டால் பரவாயில்லை. கூட்டிப் போட்டு இரக்கம் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

---

மார்ச் 11

குண்டூசி,

'அண்ணிக்கு' என்று ஆரம்பித்தபோதே உன் கோபம் எவ்வளவு டிகிரி என்று தெரிந்துவிட்டது. 'நீங்கள்' வேறு. பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எட்டு வருஷம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவளை, உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக எத்தனை காலம் 'ங்கள்' போட்டுக் கூப்பிடுவாய்? பழையபடி தூங்குமூஞ்சி என்றே எழுது. அதுதான் எனக்குக் காது குளிர்கிறது.

உன் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டேன். டான்சில் திசு மூன்றும் பிரமாதம். செல்லின் உட்கரு மட்டும் பழுப்பு, சுற்றிலும் சுத்தமான நீலம், கறை இல்லை, கசிவு இல்லை. முப்பதுக்கு இருபத்தெட்டு போட்டிருக்கிறேன். இரக்கம் ஒன்றும் காட்டவில்லை. என் முப்பதையும் இதே பெட்டியில் அனுப்புகிறேன். நிதானமாகப் பார். எல்லாவற்றையும் பார், முக்கியமாக வயிற்றுத் திசுக்களை.

போட்டியைப் பற்றி உன்னிடம் நானே சொல்லியிருக்க வேண்டும். நான்கு முறை ஃபோனை எடுத்தேன், நான்கு முறையும் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

சின்னவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அத்தை எங்கே என்றால் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டுகிறாள். அத்தை என்பது சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல. வந்து பார்க்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

தூங்குமூஞ்சி

---

மார்ச் 19

இந்தக் கடிதத்துக்கு அண்ணியும் வேண்டாம், தூங்குமூஞ்சியும் வேண்டாம்.

உன் முப்பதையும் பார்த்தேன். சொன்னபடியே நிதானமாகத்தான் பார்த்தேன். இருபத்து மூன்றாம் எண் வயிற்றுத் திசு. அதன் அடியில் ஓடும் தசையில் ஒரு பட்டை பழுப்பாக இருக்கிறது. அங்கே அடக்கும் செல் ஒன்றுகூடக் கிடையாது, இருக்கவும் முடியாது. அது ஆன்டிபாடி செய்கிற தப்பு.

என் நாற்பத்திரண்டும் அதே தப்பைத்தான் செய்யும். அதே தசையில், அதே பட்டையாக. எனக்கு அது மூன்று வருஷமாகத் தெரியும். உலகத்தில் வேறு எந்த ஆன்டிபாடியும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பரீட்சையில் இரண்டு பேர் சரியான விடையை ஒரே மாதிரி எழுதினால் இரண்டு பேரும் படித்தவர்கள். தப்பான விடையை எழுத்து மாறாமல் எழுதினால் ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். இதை நீயே புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பாய்.

நீ கிளம்பிய வாரம், செல் குப்பிகளை உறைய வைக்கும் நைட்ரஜன் டாங்கின் சாவி உன்னிடம் இருந்தது. "மேடம் கடைசி நாள் நாலஞ்சு குப்பி எடுத்தாங்க, எது எதுன்னு நான் பாக்கல" என்கிறார் டாங்க் நிரப்புகிறவர். என் நாற்பத்திரண்டை எடுத்துப் போய்ப் பதினேழு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாய். பதினேழு என்ற ஒன்று இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதே சந்தேகம்.

இந்த மாதக் கடைசிக்குள் போட்டியிலிருந்து விலகிக்கொள். இல்லையென்றால் குழுவுக்கு எழுதுவேன். அண்ணன் முகத்துக்காக இந்தப் பத்து நாள். அவன் முகத்துக்காக மட்டும்தான்.

---

மார்ச் 26

திருடி எழுதுவது.

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் முதலில் படித்தார். பெட்டியைப் பிரித்தவர் அவர். படித்துவிட்டு மடித்து வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, அதுவரைக்கும் என்னை விட்டுடுங்க" என்று துணி காயப்போடும் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஈரப் போர்வைக்கு அந்தப் பக்கம் அவர் தலை மட்டும் தெரிகிறது.

நான் விலக மாட்டேன்.

ஆன்டிபாடியின் வகை பார்க்கும் பட்டை உன் இழுப்பறையில் இருக்கும். ஒரு சொட்டு விட்டால் ஐந்து நிமிஷத்தில் கோடு விழும். பிறந்த அன்று விழுந்த வகை கடைசிவரை மாறாது, அதனால் பதினேழும் நாற்பத்திரண்டும் ஒன்றுதானா, எது எதிலிருந்து வந்தது என்று அது சொல்லும். என்னைத் திருடி என்று எழுத உனக்கு மூன்று பக்கம் தேவைப்பட்டது. அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

---

ஏப்ரல் 2

குழுவுக்கு எழுதிவிட்டேன். நகல் உன் துறைத் தலைவிக்கும் போயிருக்கும்.

பட்டை எனக்குத் தேவையில்லை. என் செல் எது என்று எனக்குத் தெரியாதா?

உன்மேல் எனக்குப் பொறாமை என்று அம்மா சொன்னாள். ஆமாம். இதை எழுதியே விடுகிறேன், இனி உன்னிடம் மரியாதையைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது. நான் ஏழு மணிக்கு வந்து கையுறை மாட்டிக்கொண்டு தவம் கிடப்பேன், நீ பத்து மணிக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவாய், உன் செல்கள் தட்டு நிறைய வளர்ந்திருக்கும். ஒரே எலி வகை, ஒரே இன்குபேட்டர், செல்லுக்குத் தீனியாக ஊற்றும் மீடியமும் ஒன்றே. என்னுடையவை மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டின் அடியில் கிடக்கும். நீ தட்டைத் தொட்ட அதே பைபெட்டைத் திரும்பத் திரும்ப மீடியம் பாட்டிலுக்குள் விடுவாய், உனக்கு ஒன்றும் ஆகாது. நான் விதிப்படி ஒவ்வொன்றுக்கும் புதுசு மாற்றுவேன், எனக்குப் பூஞ்சை பிடிக்கும். இயக்குநர் வந்தால் உன் ஸ்டூலுக்குத்தான் முதலில் போவார்.

பிறகு என் ஒரே சிநேகிதி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் ஒரே நாளில் போனீர்கள். "அவளைப் பாரு, எவ்வளவு அனுசரணை" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள், நான் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொல்கிறாள்.

நீ போன பிறகுதான் எனக்கு ஒன்று வாய்த்தது. அது நாற்பத்திரண்டு. அதையும் உனக்குத் தர வேண்டுமா? முடியாது.

---

ஏப்ரல் 9

குண்டூசி,

என் சாவிக்கொத்தைத் தலைவி வாங்கிக்கொண்டார். என் உறைபெட்டியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார்கள். கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. விசாரணை முடியும்வரை நான் மெழுகு சீவக்கூடக் கூடாதாம், பழைய ரெஜிஸ்டர்களை வரிசைப்படுத்துகிறேன். நிரூபணமானால் வேலை போகும். வேறு எந்த லேபும் வாசல் ஏற்றாது. இது உனக்குத் தெரியாததல்ல, தெரிந்தேதான் எழுதியிருப்பாய்.

நேற்று மூன்று பேர் சாட்சியாக நிற்க, என் பதினேழுக்குப் பட்டை போட்டேன். முதல் வகை. அது பிறந்த நாளில் என் நோட்டில் எழுதியதும் முதல் வகைதான். 'நோட்டில் பிறகுகூட எழுதிச் சேர்க்கலாமே' என்று தலைவி கேட்டார். நியாயமான கேள்விதான்.

உன் நாற்பத்திரண்டு பிறந்த அன்று நான் உன் பக்கத்தில் நின்றேன். பட்டையில் கோடு விழுந்ததும், "ரெண்டாம் வகைடி, உன்னோடதை விட ஒசத்தி" என்று என் தோளில் இடித்தாய். உன் நோட்டில் இருக்கும், பார். இப்போது உன்னிடம் வளர்ந்துகொண்டிருப்பது எந்த வகை?

நான் கேட்பது இவ்வளவுதான். பொறாமைப்படு, திட்டு, எது வேண்டுமானாலும் செய். பட்டையைப் போட்டுவிட்டுச் செய்.

---

ஏப்ரல் 13

பட்டை தீர்ந்துவிட்டது. ஆர்டர் போட்டிருக்கிறேன். வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள்.

நோட்டைப் பார்த்தேன். நீ சொன்னபடிதான் இருக்கிறது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை.

---

ஏப்ரல் 16

தீர்ந்துவிட்டது என்றாயே. பக்கத்து ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிப் பத்துப் பட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் இழுப்பறையில் எப்போதும் இரண்டு டப்பா இருக்கும், ஒன்று திறந்தது, ஒன்று திறக்காதது. எட்டு வருஷத்தில் உன்னிடம் எதுவும் தீர்ந்துபோய் நான் பார்த்ததில்லை.

பயமாக இருந்தால் பயம் என்று எழுது. பட்டை இல்லை என்று எழுதாதே.

---

ஏப்ரல் 27

தூங்குமூஞ்சிக்கு,

நீ சொன்னதுதான் சரி, திறக்காத டப்பாகூட இருந்தது. உன் கடிதம் வந்த அன்றே பட்டை போட்டேன். முதல் வகை. பட்டை பழுது என்று இன்னொன்று போட்டேன், பிறகு இன்னொன்று. நீ அனுப்பிய பத்தும் தீர்ந்தன, என் டப்பாவிலும் நாலைந்து தீர்ந்தன. எல்லாவற்றிலும் கோடு ஒரே இடத்தில் விழுந்தது.

டாங்கில் நாற்பத்திரண்டின் குப்பிகள் இருபது உண்டு. பத்தொன்பது, நீ போன பிறகு நான் உறைய வைத்தவை. ஒன்றே ஒன்று நீ போவதற்கு முந்திய வருஷத்துக் குப்பி. அதை வெளியே எடுத்துக் கழுவுதொட்டியின் அருகே நின்றேன். எதற்கு நின்றேன் என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். அதை ஊற்றிவிட்டு, 'வகையை அன்றைக்குத் தப்பாக எழுதிவிட்டேன்' என்று குழுவிடம் ஒரு வரி சொன்னால் போதும். நாற்பத்திரண்டும் பதினேழும் ஒன்று, பிறந்தது என்னிடம், திருடியது நீ. யாரும் மறுக்க முடியாது. 'உன் அண்ணியாரிடம் தோற்றால் என்ன, உன் சாப்பாடா போகப்போகிறது' என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் இருந்தது, என் சாப்பாடே போகிற மாதிரிதான் இருந்தது.

நின்றுகொண்டே இருந்ததில் குப்பி என் கைச்சூட்டில் உருகிவிட்டது. உருகிய செல்லை உடனே கவனிக்காவிட்டால் செத்துவிடும். அதைப் பார்த்ததும் கை தானாக ஓடியது. மீடியத்தைச் சூடாக்கி, சுற்றிக் கழுவி, தட்டில் போட்டு இன்குபேட்டருக்குள் வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்றே உறைத்தது. பதினோரு வருஷப் பழக்கம், செல்லைச் சாகவிடத் தெரியவில்லை.

எட்டு நாள் கழித்து அது சுரந்ததை எடுத்துப் பட்டையில் விட்டேன். இரண்டாம் வகை. டான்சில் ஸ்லைடில் ஏற்றினேன். வேகவைத்துப் பார்த்தேன், வேறு உப்புக் கரைசலில் வேகவைத்துப் பார்த்தேன். ஒரு செல்கூடப் பழுப்பாகவில்லை, ஸ்லைடு முழுக்க வெறும் நீலம். என் நாற்பத்திரண்டு அதுதான். மெழுகில் ஏறவே ஏறாது என்று எல்லோரும் சொன்னது சரிதான்.

எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ கிளம்புவதற்கு முந்தின நாள். உன் ஸ்டிக்கர் ஒட்டிய மீடியம் பாட்டில் பாதி மிச்சமாகக் குளிர்பெட்டியில் இருந்தது. என் செல்கள் வழக்கம்போலச் சோர்ந்து கிடந்தன. நீ ஏதோ ரகசியமாகக் கலக்கிறாய், அதனால்தான் உனக்கு மட்டும் வளர்கிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்து என் தட்டில் ஊற்றினேன். உன் பைபெட் பழக்கத்தால் உன் செல்கள் அந்தப் பாட்டிலுக்குள் மிதந்துகொண்டிருந்திருக்கும். எத்தனை முறை உன்னை அதற்காகத் திட்டியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. உன்னுடையவை வேகமாக வளர்பவை. இரண்டு வாரத்தில் என்னுடையவற்றை ஓரங்கட்டிவிட்டுத் தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டன. செல்கள் திடீரென்று செழித்ததைப் பார்த்து, ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் குதித்தேன்.

மூன்று வருஷமாக நான் மேடையேற்றிக் கைதட்டல் வாங்கியது உன் பிள்ளைக்கு. திருடியது நான்தான், தெரியாமல் திருடினேன்.

குழுவுக்கும் உன் தலைவிக்கும் எழுதிய கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. பாட்டில் விஷயத்தையும் எழுதியிருக்கிறேன். இன்று காலையே தபாலில் போட்டாகிவிட்டது, மனசு மாறுவதற்குள் போட்டேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. வரும்போது கேட்கிறேன்.

---

மே 5

குண்டூசி,

சாவிக்கொத்து வந்துவிட்டது. தலைவி கேன்டீனில் எல்லோர் முன்னாலும் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். உன் அண்ணன் பால்கனியிலிருந்து உள்ளே வந்து இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் முடித்தார். வயிற்றுத் தசையை மட்டும் எண்ணக் கூடாது என்ற குறிப்போடு குழு பதினேழை எடுத்துக்கொண்டது. நீ கண்டுபிடித்த இருபது நிமிஷ வேகவைப்பில்தான் அது மற்ற எந்த முறையையும்விடப் பளிச்சென்று ஏறுகிறது என்று சோதித்து எழுதியிருக்கிறார்கள். செய்முறைத் தாளில் உன் பெயர் வரும். நான் சொல்லி வரவில்லை, அவர்களாகவே போட்டது.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் உனக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருஷம் மாநாட்டில் நீ பேசினாயே, அதை நான் வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தேன். சின்னவளுக்குக் காய்ச்சல், மடியில் கிடந்தாள். நான் ஒன்றரை வருஷமாக லேபுக்குள் கால் வைக்காமல் பால் புட்டியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த காலம். திரையில் நீ. மெழுகுத் திசுவில் நாற்பத்திரண்டு. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது, குண்டூசி. என் பக்கத்து ஸ்டூலில் பூஞ்சையோடு போராடிக்கொண்டிருந்தவள் அங்கே நிற்கிறாள், நான் இங்கே. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இரண்டு மணி நேரம் கழித்து உன் படங்களை இறக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஏதாவது குறை கிடைக்குமா என்றுதான் பார்த்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் வயிற்றுத் தசை இருந்தது, அதில் பழுப்புப் பட்டை. பதினேழின் தப்பு அது. எனக்கு மட்டும் தெரிந்த தப்பு, அதற்காகவே அதை ஒதுக்கி வைத்திருந்தேன். உன்னிடம் இருப்பது என்னுடையது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

உடனே உனக்கு ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்ததே இதற்காகத்தான். குழுவின் எதிரில், உன் வாயாலேயே அது வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். வயிற்றுத் திசுவைப் பார் என்று எழுதியதும் அதனால்தான். நீ என்னையே திருடி என்பாய் என்று மட்டும் நினைக்கவில்லை. அதன் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் ஒரு வருஷம் சும்மா இருந்தது ஏன் என்று கேட்பார்கள்.

நீ அத்தனையும் எழுதிக் குழுவுக்கு அனுப்பினாய். நான் இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம்.

---

மே 12

தூங்குமூஞ்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது கையில் கிடைத்த பைபெட் டப்பாவைத் தூக்கி எறிந்தேன், எல்லாம் தரையில் கொட்டிப் பொறுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒரு வருஷம்! ஒரு வருஷம் தெரிந்துகொண்டே, நான் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? நேரில் வந்து திட்டுகிறேன், கடிதத்தில் அடங்காது. சனிக்கிழமை காலை வண்டி. அண்ணனை ஸ்டேஷனுக்கு அனுப்பாதே, நீ வா. சின்னவளையும் தூக்கிக்கொண்டு வா, அத்தைக்குக் கை கால் உண்டு என்று அவளுக்குத் தெரியட்டும்.

மாநாட்டில் கொடுத்த கேடயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாற்பத்திரண்டைப் பற்றி எழுதிய கட்டுரையை வாபஸ் வாங்கிவிட்டேன். பத்தொன்பது குப்பிகளிலும் நாற்பத்திரண்டைக் கிழித்துப் பதினேழு என்று ஒட்டிவிட்டேன், சனிக்கிழமை பெட்டியில் கொண்டு வருகிறேன். உன்னுடையது எதுவும் இனி என்னிடம் இல்லை.

நான்காம் தரம் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். என்னைப் பார்த்து உனக்கு வயிறு எரிந்தது, குழாயைத் திறந்துவிட்டு அழுதாய், தசையைப் பார்க்கும்வரை இரண்டு மணி நேரம். பத்து மணிக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருகிறவள், என்னைப் பார்த்து.

அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் நான் திருப்பித் தர மாட்டேன்.

குண்டூசி